புதுப்பிப்பு: டயரின் உள்விளிம்பு தேய்ந்த காரணம் தெரிந்தது

என் காரின் முன் இடது டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்வது ஏன் என்று கேட்டிருந்தேன். காற்று குறைவு என்றே பலர் சொன்னீர்கள். காற்று குறைந்தால் இரண்டு ஓரங்களும் தேயும். கூடினால் நடுப்பகுதி தேயும். ஒரே ஓரம் என்றால் சக்கரக் கோணத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தண்டையார்பேட்டையில் மெக்கானிக் அண்ணன் காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை ஆட்டிக் காட்டினார். லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கையில் இருக்கும் ரப்பர், கிழிந்திருந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, பள்ளம் பார்த்து ஒதுங்க இடம் ஏது? புஷ் ஆடினால் அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது) எத்தனை முறை செய்தாலும் நிற்காது. இதைப் பார்க்காமலே அலைன்மென்ட்டுக்குப் பணம் வாங்கிய கடையை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

புஷ்ஷை மாற்றிய பிறகே அலைன்மென்ட் செய்தோம். ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுப்பதும் நின்றுவிட்டது. உள்ளே கம்பி தெரியத் தொடங்கியதால் அந்த டயரையும் மாற்றிவிட்டேன்.