மூன்று ஊசியில் முழங்கால் சவ்வு வளர்கிறதா?

கணக்கன்:
நேற்று நண்பர் பொருநைக்கரை, "மூன்று பி.ஆர்.பி. ஊசி போட்டுக்கொண்டால் தேய்ந்த சவ்வு வளர்ந்துவிடும், முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை என்பது ஆஸ்பத்திரிக்காரர்களின் வியாபாரம்" என்று நம் இணையக் குழுவில் எழுதியிருந்தார். சவ்வு என்று அவர் சொல்வது, மூட்டு எலும்புகளின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பை. வலியோடு இருக்கும் மூத்தவர்கள் பலர் படிக்கிற இடத்தில் இப்படியும் எழுதுவார்களா என்ற எரிச்சலில்தான் இதைத் தொடங்குகிறேன். நம் கையிலிருந்து ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்கள் (பிளேட்லெட்) மிகுந்த மஞ்சள் நீரைப் பிரித்து மூட்டுக்குள் செலுத்துவதே அந்த ஊசி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன், சிட்னி நகரங்களில் 288 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு வாரம் ஒன்றாக மூன்று பி.ஆர்.பி. ஊசிகளும் மற்றப் பிரிவினருக்கு மூன்று உப்புநீர் ஊசிகளும் போடப்பட்டன. எது யாருக்கு என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. ஓராண்டு கழித்து, பத்துப் புள்ளி வலிக் கணக்கில் பி.ஆர்.பி. பிரிவுக்கு 2.1 புள்ளியும் உப்புநீர்ப் பிரிவுக்கு 1.8 புள்ளியும் குறைந்திருந்தன. சவ்வு இரு பிரிவிலும் வளரவில்லை, ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருந்தது. பொருநைக்கரை பதில் சொல்லட்டும்.

பொருநைக்கரை:
கணக்கன் ஐயா, ஆய்வின் தலைப்பைப் படித்தீர்களே தவிர, அவர்கள் செலுத்திய நீரில் தட்டணு எவ்வளவு இருந்தது என்று பார்த்தீர்களா? சாதாரண ரத்தத்தில் இருப்பதைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். நீர்த்துப்போன ஒன்றைப் போட்டுவிட்டுப் பலனில்லை என்று எழுதினால் அது பி.ஆர்.பி.யின் குற்றமா? மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நண்டு போலப் பக்கவாட்டாக இறங்கிக்கொண்டிருந்த என் மதினி, ஊசிக்குப் பிறகு நேராக இறங்குகிறார். இதை நான் கண்ணால் பார்த்தேன். நீங்கள் காகிதத்தில் பார்த்தீர்கள்.

கணக்கன்:
உங்கள் மதினி நலமாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் உப்புநீர் போட்டுக்கொண்டவர்களுக்கும் 1.8 புள்ளி குறைந்தது என்பதன் பொருள், அவர்களிலும் பலர் படியில் நேராக இறங்கியிருப்பார்கள் என்பதுதான். இருக்கட்டும், தட்டணுவைப் பற்றி நீங்களே பேச்சை எடுத்துவிட்டீர்கள். உங்கள் மதினிக்குப் போட்ட ஊசியில் தட்டணு எத்தனை? எண்ணிப் பார்த்தார்களா? பில்லில் அந்த எண் இருக்கிறதா?

இயன்முறை:
நான் இயன்முறைச் சிகிச்சை (பிசியோதெரபி) செய்பவன். ஊசியா கத்தியா என்று இருவரும் முட்டிக்கொள்ளும்போது மூன்றாவது வழியை யாரும் பேசவில்லை. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டு வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட இயன்முறைச் சிகிச்சை பெற்றவர்கள் ஓராண்டு முடிவில் வலியிலும் நடமாட்டத்திலும் தெளிவாக மேலாக இருந்தார்கள். தொடைத் தசை வலுவானால் மூட்டின் மேல் விழும் சுமை குறையும்.

பொருநைக்கரை:
தம்பி, நான் பேசுவது பி.ஆர்.பி.; நீங்கள் பேசுவது ஸ்டீராய்டு. தட்டணுக் கணக்கைக் கேட்கிற கணக்கன் ஐயா, ஆஸ்திரேலியாக்காரர்களிடமும் அதே கேள்வியைக் கேட்கட்டும். போன மாதம் மூட்டு வலிக்கான முடவாட்டுக்கால் கிழங்குச் சூப்பைப் பற்றி நான் எழுதியபோதும் இவர் இப்படித்தான் "ஆதாரம் எங்கே" என்று நக்கலடித்தார். அதை நான் மறக்கவில்லை.

மேட்டுப்பாளையத்தான்:
முடவாட்டுக்கால் என்று எழுதியதால் வந்தேன். கொல்லிமலை அடிவாரத்தில் விற்கும் கிழங்கெல்லாம் ஒரே தரம் என்று நினைக்க வேண்டாம். மேல்தோலைச் சுரண்டாமல் போட்டுவிட்டுச் சூப் பலனில்லை என்பவர்களை என்னவென்று சொல்வது!

கணக்கன்:
சூப்புக்குத் தனி இழை தொடங்குங்கள். பொருநைக்கரை அவர்களே, ஆஸ்திரேலியாக்காரர்கள் எண்ணினார்கள், எண்ணியதை வெளியிட்டார்கள். அதனால்தான் உங்களால் குறை சொல்லவே முடிகிறது. எண்ணாமலே காசு வாங்கியவரை நம்புகிறவர், எண்ணிச் சொன்னவரைச் சந்தேகிக்கிறார். மறுபடியும் கேட்கிறேன்: தட்டணு எத்தனை?

செவிலி:
எலும்பு மூட்டுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய அனுபவத்தில் இரண்டு செய்திகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டபின் சில நாட்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறும். அதைச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு தலைசுற்றுகிறது என்று ஓடிவருபவர்களைப் பார்த்திருக்கிறேன். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறவர், அதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அந்த மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டால் கிருமித் தொற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. எனவே அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கிவிட்டு, அதுவரை வலியைத் தாங்க ஒரு ஊசி என்று யாரும் அவசரப்பட வேண்டாம்.

நெல்லைச் சைவன்:
மூட்டில் வழவழப்புக்குப் போடும் ஜெல் ஊசி என்கிறார்களே, ஹையலூரானிக் அமிலம், அது சேவல் கொண்டையிலிருந்து எடுப்பதாமே? எங்கள் வீட்டில் பெரியம்மா மறுத்துவிட்டார்.

செவிலி:
சில வகைகள் அப்படித்தான். நுண்ணுயிரை நொதிக்க வைத்துத் தயாரிப்பவையும் உண்டு. கேட்டு வாங்கலாம். ஆனால் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முழங்கால் தேய்மானத்துக்கு அந்த ஊசியைத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. ஸ்டீராய்டைக்கூட, மற்றவை பலிக்காதபோது, சில வார நிவாரணத்துக்கு மட்டுமே பரிசீலிக்கச் சொல்கிறது.

பொருநைக்கரை:
எல்லோரும் ஊசியையே குடைகிறீர்கள். அறுவை சிகிச்சை வியாபாரம் என்று நான் சொன்னதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றுக்கொண்டிருந்த கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவையாலான செயற்கை மூட்டை, 2017 ஆகஸ்டில் மத்திய அரசு தலையிட்டு 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்ததே, அது ஏன்? அதுவரை நடந்ததற்குப் பெயர் தர்மமா? டென்மார்க்கில் 100 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சையின்றி மற்றச் சிகிச்சை மட்டும் தரப்பட்ட பிரிவில் ஓராண்டுக்குள் 26 சதவீதத்தினர்தான் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். மீதிப்பேர் கத்தியைத் தொடவில்லை.

கணக்கன்:
அந்த மீதிப்பேருக்குக் கொடுத்தது உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, காலணிக்குள் வைக்கும் அட்டை, வலி மாத்திரை ஆகியவை, பி.ஆர்.பி. அல்ல. அதே ஆய்வில் மாற்று மூட்டு வைத்துக்கொண்டவர்களுக்குத்தான் வலி கூடுதலாகக் குறைந்தது. கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன், உங்களைப் போல வேண்டியதை மட்டும் வெட்டி எடுக்க எனக்கு வராது. செயற்கை மூட்டுக்காவது அரசு ஒரு விலை வைத்தது. உங்கள் மஞ்சள் நீருக்கு யார் விலை வைத்தார்கள்? அதில் தட்டணு இத்தனை இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

இயன்முறை:
டென்மார்க் ஆய்வில் கொடுத்தது உடற்பயிற்சி என்பதைக் கணக்கன் ஐயாவே ஒப்புக்கொண்டதற்கு நன்றி. அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். அப்போது கேட்க ஆளில்லை.

கணக்கன்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, எடுத்துக்காட்டினேன். தொழிலுக்கு விளம்பரம் வேண்டுமானால் தனியே எழுதுங்கள்.

இயன்முறை:
விளம்பரமா? கணக்குத் தணிக்கையில் ஓய்வு பெற்றவர் முழங்காலைப் பற்றி வகுப்பெடுக்கலாம், அதையே தொழிலாகக் கொண்டவன் வாய் திறந்தால் விளம்பரமா?

மேட்டுப்பாளையத்தான்:
சூப்பைக் கேலி செய்தவர்களுக்கு நான் இன்னும் பதில் முடிக்கவில்லை.

செவிலி:
ஸ்டீராய்டு பற்றி ஒன்றைச் சேர்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து போட்டுப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், 140 பேரில் ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு உப்புநீர் பெற்றவர்களைவிடச் சவ்வு கூடுதலாகத் தேய்ந்தது. வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மாதாமாதம் ஊசி கேட்டு வருபவர்கள் இதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

பொருநைக்கரை:
செவிலி அம்மா, எங்கு பார்த்தாலும் உப்புநீர்தான் ஜெயிக்கிறது என்றால், உப்புநீரே ஒரு மருந்து என்றல்லவா ஆகிறது? மூட்டுக்குள் தேங்கிய வீக்கநீரை அது நீர்க்க வைத்துவிடுகிறது என்று என் டாக்டர் சொல்கிறார். அப்படியானால் ஒப்பீடே தவறு. கணக்கன் ஐயாவின் 2.1, 1.8 எல்லாம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

கணக்கன்:
அற்புதம். உப்புநீரே மருந்து என்றால், ஆயிரக்கணக்கில் கொடுத்து ரத்தத்தைச் சுழற்றுவது எதற்கு? உங்கள் டாக்டரிடம் உப்புநீரையே போடச் சொல்லி, அதற்குரிய விலையை மட்டும் கொடுங்கள்.

பொருநைக்கரை:
மதினிக்கு அடுத்த காலுக்கும் பி.ஆர்.பி.தான் போடப் போகிறோம். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை.

கணக்கன்:
போடுங்கள். போடுவதற்கு முன் அந்தக் குழாயிலிருந்து ஒரு துளியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, வரும் எண்ணை இங்கே எழுதுங்கள்.

பொருநைக்கரை:
எழுத முடியாது.