பயறு விதையை இலைச்சாற்றில் ஊறவைப்பது: பலன் இலைக்கா, தண்ணீருக்கா?

மானாவாரிக்காரன்:
மூன்று பருவமாக உளுந்து, பாசிப்பயறு விதைகளை முருங்கை இலைச்சாற்றில் ஊறவைத்து, நிழலில் காயவைத்துத்தான் விதைக்கிறேன். இளம் இலையை அரைத்துப் பிழிந்து, ஒரு பங்கு சாற்றுக்கு 30 பங்கு தண்ணீர். மூன்று மணி நேர ஊறல். சும்மா போட்ட விதையைவிட ஒரு நாள் முந்தி முளைக்கிறது, வரிசையில் சந்து விழுவதும் குறைந்திருக்கிறது. இதைச் சொன்னால் பாட்டி வைத்தியம் என்று சிரிக்கிறார்கள்.

ஈரச்சாக்கு:
நான் சிரிக்கவில்லை, ஒன்று மட்டும் கேட்கிறேன். வெறும் தண்ணீரில் அதே மூன்று மணி நேரம் ஊறவைத்த விதையைப் பக்கத்து வரிசையில் போட்டுப் பார்த்தீர்களா?

மானாவாரிக்காரன்:
இல்லை. ஊறவைக்காத விதையோடுதான் ஒப்பிட்டேன்.

ஈரச்சாக்கு:
அங்கேதான் இடிக்கிறது. காய்ந்த விதை முதலில் விறுவிறுவென்று தண்ணீரை இழுக்கும். பிறகு இழுப்பது ஏறக்குறைய நின்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே நொதிகள் வேலையைத் தொடங்கியிருக்கும். அதற்கப்புறம்தான் முளைவேர் தலைகாட்டும். வேர் வருவதற்கு முன்பே நிறுத்திக் காயவைத்தால், முளைப்பதற்கான பாதி வேலையை விதை முடித்து வைத்திருக்கும். இதில் இலை எங்கே வருகிறது? 1973-இல் ஹைடெக்கர் என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதிய விதை ஊறல் முறையில் இருந்தது பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல். அதில் சத்தும் இல்லை, ஹார்மோனும் இல்லை. விதைக்குள் தண்ணீர் போகும் அளவைக் கட்டுப்படுத்துவதுதான் அதன் வேலை.

தழைச்சத்து:
தண்ணீரின் பங்கை யாரும் மறுக்கவில்லை. ஆனால் முருங்கை இலையில் சியாட்டின் இருக்கிறது. செல் பிரிவதைத் தூண்டும் சைட்டோகைனின் வகை. பொட்டாசியம், கால்சியம், வைட்டமின் சி எல்லாம் கூடவே வருகின்றன. இதை வெறும் தண்ணீரோடு சமமாக வைப்பது நியாயமா?

ஈரச்சாக்கு:
இலையில் இருப்பது சரி. மூன்று மணி நேரத்தில் விதைத்தோலைத் தாண்டி உள்ளே எவ்வளவு போனது என்பதுதான் கேள்வி. இன்னொன்று, எல்லோரும் ‘ஒரு சதவீதச் சாறு’ என்கிறார்கள். பச்சை இலையில் ஒரு சதவீதமா, உலர்ந்த தூளிலா? பச்சை இலையின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். இரண்டுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம் வந்துவிடும். சீமைக்கருவேல் இலைச்சாற்றில் இந்தக் கணக்கு தவறினால் நல்லதே நடக்காது. அந்த மரம் தன்னடியில் மற்ற செடிகளின் முளைப்பை அடக்குவதே இலையிலிருந்து கசியும் பொருட்களால்தான்.

சொதப்பல்_மன்னன்:
இரண்டு பேரும் சண்டை போடுங்கள், நடுவில் என் கதை. சாறு அதிகமானால் பலனும் அதிகம் என்று நினைத்து, ஒரு வாளிச் சாற்றில் உளுந்தைக் கொட்டி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் தோல் உரிந்து, பருப்பு இரண்டாகப் பிளந்து, நுரையும் வாடையுமாக இருந்தது. விதைத்ததில் கால்வாசிகூட வரவில்லை. தோசைக்கு ஊறவைப்பது வேறு, விதைக்கு ஊறவைப்பது வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஈரச்சாக்கு:
பயறு வகையில் இது பெரிய ஆபத்து. நன்றாகக் காய்ந்த விதை ஒரேயடியாகத் தண்ணீர் குடித்தால் செல் சவ்வுகள் கிழிந்து, உள்ளே இருக்கும் சர்க்கரை வெளியே கசியும். அதைத் தின்னப் பூஞ்சை வரும். தோலில் கீறல் இருக்கும் விதைக்கு இன்னும் மோசம். சாறு விதையின் அளவில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும், முழுக்க மூழ்கவே கூடாது. அதைவிட ஈரச்சாக்கில் சுற்றி வைப்பது மெதுவாக நனைக்கும். (பெயரைப் பார்த்தாலே நான் எந்தக் கட்சி என்று தெரிந்திருக்குமே.)

தழைச்சத்து:
பூஞ்சையை நீங்களே இழுத்ததால் சொல்கிறேன். வேம்பு, புங்கம் போன்ற இலைகளில் பூஞ்சையை அடக்கும் பொருட்கள் உண்டு. தண்ணீர் அதைச் செய்யாது.

ஈரச்சாக்கு:
பயறின் வேர்முடிச்சில் இருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா ரைசோபியம். பூஞ்சையை அடக்கும் சாறு அதை மட்டும் அடையாளம் பார்த்து விட்டுவிடுமா? ரைசோபியத்துக்கு ஆபத்தில்லாத அளவுக்கு நீர்த்தது என்றால், பூஞ்சைக்கு மட்டும் எப்படி வேலை செய்யும்?

தழைச்சத்து:
பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒன்றல்ல. ஒரே பொருள் ஒன்றைக் கொன்று மற்றதை விட்டுவைப்பது சகஜம். அதுவும் நான் ரைசோபியத்தைச் சாற்றோடு கலப்பதில்லை. விதை காய்ந்த பிறகு, விதைக்கப்போகும் நேரத்தில் ஆறிய கஞ்சியில் கலந்து ஒட்டவைக்கிறேன். பூவெடுக்கும் சமயம் செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறது. முடிச்சு வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

ஈரச்சாக்கு:
அது நல்ல அறிகுறிதான். ஆனால் சாறு படாத செடியில் எத்தனை முடிச்சு இருந்தது என்று தெரியாமல் பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

மானாவாரிக்காரன்:
சரி, அடுத்த விதைப்பில் பார்த்துவிடுகிறேன். ஒரே மூட்டை விதையில் ஊறாதது, தண்ணீர், சாறு என்று மூன்று. ஒவ்வொன்றிலும் நூறு விதை, நான்கு இடத்தில் மாற்றி மாற்றி. போதுமா?

ஈரச்சாக்கு:
போதும். ஊறவைக்கும் முன் எடை போட்டு, காயவைத்து அதே எடைக்குக் கொண்டு வாருங்கள். காய்ந்ததும் சீக்கிரம் விதைத்துவிடுங்கள், இப்படிச் செய்த விதை நெடுநாள் தாங்காது. எண்ணுகிறவருக்கு எந்த வரிசை எது என்று சொல்லாதீர்கள்.

மானாவாரிக்காரன்:
எண்ணப்போவது என் மனைவி. அவருக்கு இந்த இலைச்சாற்று வேலையே பிடிக்காது.

தழைச்சத்து:
அப்படியானால் அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லாதீர்கள், அண்ணே.