கத்திக்குத்தைக் குறைக்க எது உதவும்: போலீஸ் சோதனையா, தெருவில் நின்று பேசும் ஆளா?

நேர்பார்வை:
இளைஞர் கும்பல், கத்திக்குத்து என்று பேச்சு வந்தாலே ‘பொதுச் சுகாதார அணுகுமுறை’ (வன்முறையை நோய் போலப் பார்த்து முன்கூட்டியே தடுப்பது) என்று சொல்லி போலீசை ஓரங்கட்டிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தை உதாரணம் காட்டுபவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். 2005இல் அங்கே வன்முறைக் குறைப்புப் பிரிவைத் தொடங்கியதே ஸ்ட்ராத்கிளைட் போலீஸ்தான். பொது இடத்தில் கத்தி வைத்திருந்தால் அதிகபட்சம் 2 ஆண்டு என்றிருந்த தண்டனை ஸ்காட்லாந்தில் 2006இல் 4 ஆண்டானது, 2016இல் 5 ஆனது. 2004-05இல் அந்நாட்டில் 137 கொலை வழக்குகள், 2023-24இல் 57. இதில் கைவிலங்குக்குப் பங்கே இல்லையா? மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இருந்தால்தான் பையன் கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வெளியே வருவான்.

எண்சுவடி:
பங்கு உண்டு. ஆனால் ‘போலீஸ்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். நிறுத்திச் சோதிப்பதும் ஓர் இடத்தில் கண்ணுக்குத் தெரியும்படி நிற்பதும் வேறு வேறு.

2008இல் லண்டனில் சில பகுதிகளில் மட்டும் ஆயுதச் சோதனையைப் பல மடங்கு கூட்டினார்கள். மற்றப் பகுதிகளோடு அதை ஒப்பிட்டுப் பிரிட்டன் உள்துறை 2016இல் வெளியிட்ட ஆய்வு, குற்றம் குறைந்ததாகச் சொல்லும்படி எதையும் காணவில்லை. அதே நாட்டில் சவுத்எண்ட் என்ற ஊரில் வேறொரு முயற்சி நடந்தது. அதிகம் அடிதடி நடக்கும் 20 சின்னஞ்சிறு இடங்களைத் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட நாட்களில் 15 நிமிடம் போலீசார் நடந்து சுற்றினார்கள். சுற்றிய நாட்களில் வன்முறை, சுற்றாத நாட்களைவிட 74% குறைவு. அங்கே யாருடைய பையையும் கொட்டிப் பார்ப்பது திட்டமே அல்ல.

நிறுத்திச் சோதிப்பது ஏன் தோற்கிறது என்பதும் புரியாத விஷயமில்லை. கும்பலில் அனுபவமுள்ளவன் கத்தியை உடம்பில் வைத்திருக்க மாட்டான். செடி மறைவில், நிறுத்தியிருக்கும் காரின் சக்கரத்தின் மேல், அல்லது 13 வயதுப் பொடியன் பையில் இருக்கும். சோதனையில் மாட்டுவது பெரும்பாலும் பயத்தில் கத்தி தூக்கிய பையன்தான். வடிவத்தை வைத்துத் தடை போடுவதும் இப்படித்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 செப்டம்பரில் ‘ஸோம்பி’ பாணிக் கத்திகளை (மிரட்டும் வடிவில் செய்த நீளமான கத்திகள்) தடை செய்தார்கள், சரியான முடிவு. ஆனால் சமையலறை இழுப்பறையில் கூர்முனைக் கத்தி இருக்கும்வரை ஆயுதம் கைக்கு வர ஒரு நிமிடம் போதும். நுனி மழுங்கிய கத்திகளை வீட்டுக்குப் பரவலாக்குவது பற்றி மருத்துவர்கள் 2005இலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நேர்பார்வை:
இழுப்பறைதான் பிரச்சினை என்றால் தெருவில் நின்று பேசும் ஊழியராலும் அதைப் பூட்ட முடியாது. அமெரிக்காவின் பாஸ்டனில் இளைஞர் கொலைகளைக் குறைத்த திட்டத்தில் எது வேலை செய்தது என்று பார்த்தால், அதன் மையமே மிரட்டல்தானே?

பொழில்:
மிரட்டல் அதில் ஒரு கால். மற்ற கால்களையும் வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பின்பற்றுகிறோம் என்று சொன்ன பல ஊர்கள் ஒரு காலோடு நிறுத்திவிட்டன.

முதல் வேலை கணக்கெடுப்பு. ரோந்துப் போலீசார், நன்னடத்தை அதிகாரிகள், தெருவில் வேலை செய்யும் ஊழியர்கள் எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்து, கடந்த கொலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, யார் யாரோடு பகை என்று வரைபடம் போட்டார்கள். பாஸ்டனில் கிடைத்த விடை: 61 கும்பல்கள், சுமார் 1,300 பேர். நகரத்து இளைஞரில் 1 சதவீதம்கூட இல்லை. இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதம் இவர்களைச் சுற்றி நடந்தது. இதனால்தான் எல்லாப் பள்ளியிலும் கத்தி பற்றிச் சொற்பொழிவு நடத்துவது பணத்தை ஆற்றில் போடுவது.

பிறகு அந்தக் கும்பல்களிலிருந்து சிலரை நேரில் அழைத்துப் பேசுவது. கிளாஸ்கோவில் 2008 முதல் 2011 வரை இதை நீதிமன்றத்துக்குள்ளேயே நடத்தினார்கள். மகனைப் பறிகொடுத்த தாய் பேசுவார், அறுவை மருத்துவர் பேசுவார், போலீஸ் பேசும். செய்தி இதுதான்: ‘நீங்கள் சாவதை நாங்கள் விரும்பவில்லை. இனி உங்கள் கும்பலில் ஒருவன் குத்தினால் சட்டத்தின் கவனம் முழுக் கும்பல் மீதும் திரும்பும். விலக நினைத்தால் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.’ பாஸ்டனில் 1996இல் இது தொடங்கிய பின் இளைஞர் கொலைகளின் மாதச் சராசரி 63% விழுந்தது.

எங்கே கெட்டுப்போகிறது? அந்தத் தொலைபேசி எண்ணில். பையனுக்கு விலகும் துணிவு இரண்டு நாள் இருக்கும். அதற்குள் வேலைப் பயிற்சி, தங்க வேறு இடம், போதை சிகிச்சை ஏதோ ஒன்று கையில் கிடைக்க வேண்டும். ‘மூன்று வாரம் கழித்து நேர்காணல்’ என்றால் அவன் திரும்பிப் போய்விடுவான், அடுத்த கூட்டத்துக்கு அவன் நண்பர்களும் வர மாட்டார்கள். சொன்ன தண்டனை வராமல் போனாலும் இதே கதி. பாஸ்டனில் 2000 வாக்கில் திட்டம் கலைந்தது, கொலைகள் மீண்டும் ஏறின.

கார்முகில்:
‘ஒருவன் குத்தினால் முழுக் கும்பல் மீதும்’ என்பதை இவ்வளவு சாதாரணமாக எழுதுகிறீர்களே. கும்பலில் யார் இருக்கிறார் என்று யார் தீர்மானிப்பது? லண்டன் போலீஸ் 2012இல் ‘கேங்ஸ் மேட்ரிக்ஸ்’ என்று ஒரு பட்டியல் தொடங்கியது. ஒரு கட்டத்தில் 3,800 பேருக்கு மேல். பெரும்பான்மை கறுப்பின இளைஞர்கள். குத்துப்பட்டவர்களே அதில் இருந்தார்கள். பட்டியலில் பெயர் ஏறியவுடன் வீட்டுவசதித் துறைக்கும் பள்ளிக்கும் தகவல் கசிந்தது. தகவல் பாதுகாப்பு ஆணையர் 2018இல் அது சட்டமீறல் என்றார், 2022இல் போலீசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது, 2024இல் கைவிட்டார்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பையனுக்கு வீடும் படிப்பும் போயிருந்தால் அதை யார் திருப்பிக் கொடுப்பது?

பட்டியல் வேண்டுமென்றால் சேர்க்கும் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஆதாரம் வேண்டும், ஆறு மாதத்தில் தானாகப் பெயர் நீங்க வேண்டும். பாட்டுக் காணொளியில் பின்னால் நின்றதெல்லாம் ஆதாரமாகாது. என்னைக் கேட்டால் சிகாகோ வழிதான் மேல்: 2000இல் கேரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோய் மருத்துவர் தொடங்கியது. அந்தத் தெருவிலேயே வளர்ந்து, அந்த வாழ்க்கையை விட்டு வெளியே வந்தவர்களைச் சம்பளத்துக்கு வைத்து, சண்டை முற்றும் முன் நடுவில் போய் நிற்க வைப்பது. அவர்கள் கேட்டது எதுவும் போலீசுக்குப் போகாது. போனால் அன்றோடு வேலை முடிந்தது.

நேர்பார்வை:
அதன் முடிவுகளும் ஒரே சீராக இல்லை. சில பகுதிகளில் துப்பாக்கிச் சூடு குறைந்தது, சிலவற்றில் அசையவே இல்லை.

பொழில்:
உண்மை. அசையாத இடங்களைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் நிர்வாகத்தில் இருக்கும். ஓராண்டு ஒப்பந்தம், இடையில் சம்பளம் நிற்பது, அலுவலக நேரத்தில் வேலை. பகை வளர்வது வெள்ளி, சனி இரவில், போனில். ஊழியர் காலை பத்து மணிக்கு வந்து என்ன செய்வார்? இரவு ஷிப்ட், இரண்டிரண்டு பேராகப் போவது, வாரம் ஒருமுறை மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து மனச்சுமையை இறக்குவது எல்லாம் செலவுக் கணக்கில் இருக்க வேண்டும்.

இன்னும் கும்பலுக்குள் போகாத பையன்களுக்கு வேறு வழி. சிகாகோவில் ‘பிகமிங் எ மேன்’ என்று பள்ளி நேரத்தில் வாரம் ஒரு மணி நேரம். அதில் ஒரு பயிற்சி: ஒருவன் கையில் பந்து, மற்றவன் 30 வினாடியில் அதை வாங்க வேண்டும். கிட்டத்தட்ட எல்லோரும் விரலைப் பிய்ப்பார்கள். ‘பந்தைக் கொடு என்று கேட்டாயா?’ என்று பிறகு கேட்பார்கள். திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் கைதுகள் 45 முதல் 50% குறைந்தன. முடிந்த பிறகு அந்தப் பலன் நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எண்சுவடி:
கிளாஸ்கோ அழைப்புக் கூட்டங்களின் மதிப்பீட்டையும் முழுதாகச் சொல்லுங்கள். கலந்துகொண்டவர்களிடம் ஆயுதம் வைத்திருப்பது 84% குறைந்தது, ஒப்பீட்டுக் குழுவில் 40%. ஆனால் உடல் வன்முறை குறைந்த அளவில் இரண்டு குழுவுக்கும் புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. ஸ்காட்லாந்தில் கொலைகள் 57க்கு இறங்கியதை ஒரே திட்டத்தின் கணக்கில் எழுத யாருக்கும் உரிமையில்லை, நேர்பார்வைக்கும் சேர்த்துத்தான். சிறைக்குக் கூட்டிப்போய்ப் பயமுறுத்தும் சுற்றுலாக்களைப் பற்றி மட்டும் சந்தேகமே வேண்டாம்: போன பிள்ளைகள் போகாதவர்களைவிட அதிகம் குற்றம் செய்கிறார்கள்.

அவசரப்பிரிவு:
மருத்துவமனையை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். குத்துப்பட்டவர்களில் நிறையப் பேர் போலீசிடம் போவதே இல்லை. வேல்ஸின் கார்டிஃப் நகரில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற அறுவை மருத்துவர் செய்தது எளிய காரியம். அவசரப் பிரிவின் வரவேற்பாளர் எந்த இடம், எத்தனை மணி, என்ன ஆயுதம் என்று கேட்டுப் பதிவார். பெயரை நீக்கிவிட்டு அந்தத் தகவல் நகராட்சிக்கும் போலீசுக்கும் போகும். கார்முகில் கவனிக்க, பெயரே இல்லாத தகவல். லட்சம் பேருக்கு மாதம் 7 ஆக இருந்த மருத்துவமனைச் சேர்க்கை 5 ஆனது. ஒப்பிட்ட நகரங்களில் 5 இலிருந்து 8 ஆக ஏறியது. ‘நகர மையம்’ என்று மட்டும் எழுதினால் அந்தப் பதிவு குப்பை, கடையின் பெயர் அல்லது தெருமுனை வேண்டும்.

லண்டனில் ஒரு பெரிய விபத்துச் சிகிச்சை மருத்துவமனையின் பத்தாண்டுப் பதிவுகளில் இன்னொன்று தெரிந்தது: 16 வயதுக்குக் கீழ் குத்துப்பட்டவர்களில் 22% பேர் பள்ளி நாளில் மாலை 4க்கும் 6க்கும் இடையில் குத்துப்பட்டவர்கள். பள்ளிகள் விடும் நேரத்தை மாற்றி மாற்றி வைத்தால் ஒரே பஸ் நிறுத்தத்தில் இரண்டு கூட்டம் மோதாது. இதற்குச் சட்டமும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம்.

நேர்பார்வை:
பள்ளி நேரம், 15 நிமிட ரோந்து இரண்டையும் ஏற்கிறேன். ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. இன்றிரவு ஒருவனைக் குத்திவிட்டார்கள், படுக்கையைச் சுற்றி அவன் நண்பர்கள் நிற்கிறார்கள், நாளை பழிவாங்கப் போவார்கள். அப்போது யார் போவது?

அவசரப்பிரிவு:
கிளாஸ்கோவில் 2015இலிருந்து ‘நேவிகேட்டர்’ என்ற, போலீஸ் அல்லாத வழிகாட்டி ஊழியர்கள் அவசரப் பிரிவிலேயே இருக்கிறார்கள். தையல் போட்டு வலி தெரிய ஆரம்பிக்கும் நேரத்தில்தான் அவன் பேச்சைக் கேட்பான். வார்டுக்கு மாற்றிய பிறகு, நண்பர்கள் வந்த பிறகு, அந்த வாசல் மூடிவிடும். நண்பர்களிடம் பேச அதே இரவில் தெரு ஊழியர் வேண்டும்.

கார்முகில்:
போலீஸ் அறைக்கு வெளியே நிற்கட்டும், உள்ளே பேசியது நேவிகேட்டரோடு நிற்கட்டும். அந்த நிபந்தனை எழுத்தில் இருந்தால் ஒப்புக்கொள்கிறேன்.

நேர்பார்வை:
‘இன்றிரவு இவனைக் கொல்லப் போகிறோம்’ என்று பெயர் சொன்னால்? அதை மறைக்க உங்கள் நிபந்தனை இடம் கொடுத்தால் நான் ஒப்ப மாட்டேன்.

கார்முகில்:
உடனடி உயிராபத்துக்கு விதிவிலக்கு உண்டு. அதைப் பேச்சின் முதல் வரியிலேயே அந்தப் பையனிடம் சொல்லிவிட வேண்டும்.