லயத்திலிருந்து வாட்டு வரை: மூவரின் அனுபவங்கள்

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த ஆசிரியர்:

1998ஆம் ஆண்டு ஜூன் மாதம், மழை விடாத ஓர் இரவில், கொழுந்தெடுத்து வந்த என் அம்மா "நெஞ்சை அடைக்குது" என்று சொல்லி அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டார். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். தோட்ட மருத்துவ உதவியாளர். நான்கு டிவிசன்களுக்கும் அவர் ஒருவரே. அவர் அனுமதித் துண்டு எழுதிக் கொடுத்தால்தான் நோயாளியை ஏற்றிப்போக லொறி கிடைக்கும். துண்டு இருந்தாலும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தொழிலாளரின் மருத்துவத் தேவைகளைத் தோட்டங்களின் பொறுப்பாக்கி 1912இல் கட்டளைச் சட்டம் வந்தது. பின்பு தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. ஆள் மாறினாலும் துண்டு மாறவில்லை.

அன்றிரவு அந்த மருத்துவ உதவியாளர் வேறொரு டிவிசனுக்குப் போயிருந்தார். ஆகவே அப்பாவும் எங்கள் லயத்தில், அதாவது வரிசை வீட்டில், அடுத்த காம்பராக்காரர் மூவரும் அம்மாவைக் கம்பளியில் கிடத்தி, அதன் முனைகளை ஒரு மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு, தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் ஸ்டோரடி, அதாவது தேயிலைத் தொழிற்சாலையடி, வரைக்கும் இறங்கினார்கள். டோர்ச் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவன் நான். அப்போது எனக்கு 13 வயது.

நகரத்து அரசாங்க வைத்தியசாலையின் இரவு வாட்டில் தமிழ் தெரிந்த தாதியோ வைத்தியரோ இருக்கவில்லை. தமிழும் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டதைப் பிற்பாடு பாடப்புத்தகத்தில் படித்தபோது எனக்கு அந்த வாட்டுதான் நினைவுக்கு வந்தது. தரை கூட்டிக்கொண்டிருந்த சிற்றூழியர் ஒருவரை அழைத்து மொழிபெயர்க்கச் சொன்னார்கள். நெஞ்சை அடைத்தது, எப்படியோ வயிறு எரிவதாக நோயாளியின் குறிப்பெழுதும் டிக்கட்டில் ஏறியது. இரண்டு நாளில் வயிற்றெரிச்சல் குளிசைகளோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரங்களில் மறுபடியும் வந்தது. இம்முறை கண்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அம்புலன்ஸ் பழுதென்றதால் வேன் பிடித்தோம். அவ்வாண்டு ஜனவரி 25இல் தலதா மாளிகையில் குண்டு வெடித்திருந்ததால், கண்டிக்குள் நுழையும் தமிழர் எவரையும் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட ஒருவரின் பிள்ளையான அப்பாவிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அதனால் அடையாள அட்டையும் இல்லை. சோதனைச் சாவடியில் அவரை இறக்கிக்கொண்டு, அம்மாவையும் துணைக்கு வந்த பக்கத்துக் காம்பரா அக்காவையும் போக விட்டார்கள். மறுநாள் மாலை வந்து சேர்ந்த அப்பா, இடையில் நடந்ததைச் சாகும்வரை எவரிடமும் சொல்லவில்லை.

கண்டியில் தமிழ் பேசிய ஒரு பயிற்சி வைத்தியர் கட்டிலருகே உட்கார்ந்து, எப்போது அடைக்கிறது, மலை ஏறும்போதா படுக்கும்போதா என்று கேட்டார். இருதய நோயென்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அம்மா அதற்குப் பிறகும் 11 ஆண்டுகள் இருந்தார். வடக்கில் வைத்தியசாலைகள் மீதே ஷெல் விழுந்ததை அறிந்தவர்களுக்கு இது சிறிய கதைதான்.

பதுளை மாவட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண் (மகள் எழுதித் தந்தது):

இப்போது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஸ்டோரடி வரைக்கும்தான் வருகிறது. எங்கள் லயம் அதற்கு மேலே ஒன்றரைக் கட்டை (மைல்). கம்பளி இன்னும் கொடியில்தான் தொங்குகிறது. எனக்குப் பிரசர் இருக்கிறது. கிளினிக்குக்குப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை; 2024இல் 1,350 ரூபாயாக உயர்ந்த நாட்சம்பளத்தில் மாதம் ஒரு நாளை மருந்துக்காக விடுவது பெரிதில்லை என்று ஐயாமார் சொல்லக்கூடும். 2022இல் மருந்து இல்லை, வெளியே வாங்குங்கள் என்று துண்டு கொடுத்தார்கள். அந்தத் துண்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு மலைக்குப் போனேன்.

அரசாங்க வைத்தியசாலைச் சிற்றூழியர்:

ஆசிரியரின் தாயாருக்கு மொழிபெயர்த்தவர் நான் அல்லேன். ஆனால் அதே வேலையை 20 ஆண்டுகளுக்கு மேலாகச் செய்கிறேன். எனக்குக் கொடுத்த வேலை தள்ளுவண்டி தள்ளுவதும் வாட்டு கழுவுவதும். நெஞ்சுக்குச் சிங்களத்தில் 'பப்புவ' என்பது தெரியும். நெஞ்சு அடைப்பதற்கும் கரிப்பதற்கும் இழுப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல, சேர்ந்த புதிதில் என் சிங்களம் போதவில்லை. நான் தவறாகச் சொன்னவை எத்தனை என்பது எனக்கே தெரியாது. தாதியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இரவில் ஒரு வாட்டு முழுவதற்கும் இருவர் நிற்கிறார்கள், அவர்களுக்கும் வேறு வழியில்லை. நான் லீவில் நிற்கும் நாட்களில் எனக்குப் போன் எடுத்து, அதை நோயாளியின் காதில் வைத்துப் பிடிப்பார்கள். போன தீபாவளியன்று மூன்று முறை எடுத்தார்கள்.