கண்காணிப்புத் தளத்தின் டொமைன்: நான் முதலில் பார்ப்பது அதைத்தான்

எங்கள் சர்வர்களைக் கண்காணிக்க ஒரு கிளவுட் சேவையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, டாஷ்போர்டின் அழகைவிட அந்தச் சேவை எந்த டொமைனில், அதாவது எந்த இணைய முகவரிப் பெயரில், இயங்குகிறது என்பதே என் கணிப்பை அதிகமாகத் தீர்மானித்தது.

முதலில் பார்த்தது டேட்டாடாக். 2010இல் தொடங்கி 2019இல் நாஸ்டாக்கில் பட்டியலான பெரிய நிறுவனம் அது. ஆனால் அதன் முகவரி டேட்டாடாக்ஹெச்கியூ.காம் என்றிருப்பதைக் கண்ட எங்கள் கணக்குப் பிரிவு அலுவலர், இது போலித் தளமா என்று கேட்டார். பழகிய பெயரோடு ஓரிரு எழுத்துகளை ஒட்டுவது ஏமாற்றுத் தளங்களின் வழக்கம் என்பதால் அவர் கேட்டது நியாயமே. கணக்குத் தொடங்கும் பக்கத்துக்குப் போனதும் எனக்கு நம்பிக்கை பிறந்தது. தரவு எந்தப் பிராந்தியத்தில் இருக்க வேண்டும் என்று அங்கேயே கேட்கிறார்கள். ஐரோப்பாவைத் தேர்ந்தால் முகவரியின் இறுதி .ஈயூ ஆகிவிடுகிறது, ஒரு தளத்தின் தரவு இன்னொன்றுக்குப் போவதில்லை. சர்வரில் நிறுவும், தரவை அனுப்பும் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருளின் அமைப்புக் கோப்பிலும் அந்தத் தளத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். இல்லையெனில் அது அமெரிக்க முகவரியையே தேடிப் போகும். முகவரியைப் பார்த்தே தரவின் இருப்பிடத்தை அறிய முடிவதை நான் பெரிய நேர்மையாகக் கருதுகிறேன்.

அடுத்து, எங்கள் வலைப்பின்னலிலிருந்து எங்கெங்கே இணைப்பு போகலாம் என்று கட்டுப்படுத்தும் ஃபயர்வால் குழுவின் ஒப்புதல். விலையைப் பற்றியோ வசதிகளைப் பற்றியோ அவர்கள் கேட்கவில்லை. வெளியே திறந்துவிட வேண்டிய டொமைன்களின் பட்டியலைத்தான் கேட்டார்கள். நாங்கள் சோதித்த வேறொரு சேவை, தரவு பெறுவதற்கு ஒரு டொமைன், உள்நுழைவுக்கு ஒன்று, எச்சரிக்கை மின்னஞ்சலுக்கு மற்றொன்று என்று பரவிக் கிடந்ததால், அந்தப் பட்டியலை முழுமையாக்குவதற்குள் எங்கள் பொறுமை தீர்ந்துவிட்டது.

சென்னையில் வளர்ந்த ஜோஹோவின் சைட் 24×7 சேவையையும் பார்த்தோம். என்ன வேலை செய்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுவதால் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கெனத் தனி டொமைன் இருந்தாலும் உள்நுழைவு ஜோஹோ கணக்கின் வழியாகவே நடக்கிறது என்பதைக் கவனித்தபோது எனக்கு 2018 செப்டம்பர் நினைவுக்கு வந்தது. ஃபிஷிங் எனப்படும் மோசடி மின்னஞ்சல் புகார்களைக் காரணம் காட்டி, ஜோஹோ.காம் டொமைனை அதைப் பதிவு செய்து தந்த பதிவாளர் நிறுவனமே முடக்கியது. ஜோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக முறையிட வேண்டியதாயிற்று. சர்வர்கள் அனைத்தும் நலமாக ஓடிக்கொண்டிருக்க, பெயர் ஒன்று பறிபோனதால் மட்டும் வாடிக்கையாளர்கள் சேவையை அடைய முடியாமல் போகலாம் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்கவே கூடாது.

.ஐஓ முடிவைப் பற்றியும் ஒரு சொல். சென்ட்ரி, ப்ரோமித்தியஸ் ஆகிய கண்காணிப்புக் கருவிகளின் தளங்கள் அதில்தான் இருக்கின்றன. அது பிரித்தானிய இந்தியப் பெருங்கடல் பிரதேசத்துக்குரிய நாட்டுக் குறியீடு. சாகோஸ் தீவுகளின் இறையாண்மையை மொரிஷியஸிடம் ஒப்படைக்கும் உடன்பாட்டில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டது. அந்தப் பிரதேசமே இல்லாமல் போனால் .ஐஓவும் நீக்கப்படுமோ என்ற கேள்வி எழுகிறது. யூகோஸ்லாவியாவின் .யூ முடிவு 2010இல் நீக்கப்பட்டது என்றாலும், அதற்கு முன் நீண்ட அவகாசம் தரப்பட்டது. ஆகவே உடனடி அச்சம் எனக்கில்லை.

என்னை மிகவும் பாதித்தது, சேவை இயங்குகிறதா தடைபட்டிருக்கிறதா என்று அறிவிக்கும் நிலைப் பக்கம் இருக்கும் இடம். 2017 பிப்ரவரியில் அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை தடைபட்டபோது, அதன் நிலைப் பக்கமே எஸ்3யை நம்பியிருந்ததால் உடனே புதுப்பிக்க முடியவில்லை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தன் நிலைப் பக்கத்தைக் கிட்ஹப்ஸ்டேட்டஸ்.காம் என்ற தனி டொமைனில் வைத்திருப்பது இதனால்தான் எனக்குச் சரியான முன்மாதிரியாகப் படுகிறது. ஒப்பந்தத்துக்கு முன் விற்பனைப் பிரதிநிதிகளிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டோம்: உங்கள் நிலைப் பக்கம் வேறு டொமைனிலும் வேறு டிஎன்எஸ் (டொமைன் பெயரைச் சர்வர் முகவரியாக மாற்றித் தரும்) சேவையிலும் இருக்கிறதா, முதன்மை டொமைனுக்குப் பதிவகப் பூட்டு (அனுமதியின்றி டொமைனை மாற்றவோ இடம்பெயர்க்கவோ விடாத காப்பு) போட்டிருக்கிறீர்களா? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் தந்த நிறுவனத்தையே தேர்ந்தெடுத்தோம்.