செல்ஃப் சுத்துது, வண்டி எடுக்கல: டீசல் ஏறாத லாரியோடு மல்லுக்கட்டியவர்கள் சொல்லுங்கள்

நாமக்கல் டென் வீல்

தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு நாமக்கல் தீவன மில்லுக்கு வந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைத் தனித்தனியாகத் தள்ளும் இன்லைன் பம்ப் வைத்த பழைய வண்டி. கிருஷ்ணகிரி தாண்டி ஒரு தாபாவில் இரவு படுத்தேன். விடிகாலை நாலரைக்குச் சாவி போட்டால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை.

க்ளீனர் பையனைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு சைலன்சரைப் பார்த்தேன். துளி புகை இல்லை. வெள்ளைப் புகை வந்தால், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாஸில் வரை டீசல் போகிறது, எரியத்தான் இல்லை. புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை.

ஃபில்டர் தலையில் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஹேண்ட் பம்பை அடித்தேன். சோப்பு நுரை மாதிரி வந்தது, லைனில் ஏர், அதாவது காற்று, புகுந்திருக்கிறது. கை கடுக்கும்வரை அடித்த பிறகு நுரை நின்று சுத்தமான டீசல் வந்தது. ஸ்க்ரூவை இறுக்கினேன், எடுத்துவிட்டது. அப்பாடா என்று தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம் பக்கம் சாப்பாட்டுக்கு நிறுத்தினேன். சாப்பிட்டு வந்தால் மறுபடி அதே கதை.

பக்கத்துப் பட்டறையில் ஃபில்டர் இரண்டையும் மாற்றினார்கள், செம்பு வாஷரும் புதிது போட்டார்கள். அப்படியும் ஏர் பிடித்தது. "ஃபீட் பம்ப் போயிருச்சுண்ணே" என்றார்கள். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் அந்தப் பம்பின் விலையைக் கேட்டதும் ஊரில் எங்கள் பழைய மிஸ்திரிக்குப் போன் போட்டேன். "பம்பைக் கழட்டாதே தம்பி. ஒரு கேன்ல டீசலை ஊத்தி, தனி ஓஸ் போட்டு நேரா பம்புக்குக் குடு" என்றார்.

ஐந்து லிட்டர் கேனைக் கேபின் படியில் வைத்துக் கொடுத்தோம். ஏர் எடுத்ததும் ஸ்டார்ட் ஆனது. அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து அடித்தாலும் அரைச் சுற்றில் எடுத்தது. ஆக பம்ப் மேல் குற்றமில்லை. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்தான் ஏதோ இருக்கிறது. கையால் தடவிக்கொண்டே போனேன். சேஸிஸ் குறுக்குச் சட்டத்தில் உரசும் இடத்தில், ஓஸில் நகக்கீறல் போல ஒரு விரிசல். வளைத்தால்தான் வாய் திறக்கிறது. சுற்றிலும் ஈரமே இல்லை! ஒழுகினால்தானே சந்தேகம் வரும்? இது உறிஞ்சும் பக்கம். டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வண்டி நின்றதும் லைனில் இருக்கும் டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். டேங்க் நிறைய இருந்தபோது வராத வியாதி கால் டேங்கில் வந்ததும் அதனால்தான். ஒரு முழ ஓஸ், இரண்டு கிளாம்ப், வேலை முடிந்தது. ஃபில்டருக்குக் கொடுத்த காசு தண்டம்.

சங்ககிரி மாமா

எனக்கு வந்தது வேறு. கொஞ்ச தூரம் ஓடும், இழுவை குறையும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப எடுக்கும். ஒருநாள் அளவு பார்க்க டேங்க் மூடியைத் திறந்தபோது "புஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியின் மூச்சு ஓட்டை மண்ணும் கிரீஸுமாக அடைத்துக் கிடந்தது. மெல்லிய கம்பியால் குத்திவிட்டேன், செலவு பூஜ்யம்.

லைன் டிரைவர்

அண்ணன்மார் சொல்வதெல்லாம் பழைய வண்டிக்குச் சரி. புதிய பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த, எல்லா நாஸிலுக்கும் ஒரே அழுத்தக் குழாயிலிருந்து (ரெயில்) டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் ஏர் எடுப்பதெல்லாம் ஹேண்ட் பம்ப், ஃபில்டர் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரெயிலில் ஆயிரம் பாருக்கு மேல் பிரஷர் ஓடும். பழைய பழக்கத்தில் நாஸில் பைப் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடித்தால், பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தினது போலத்தான் தெரியும், கையையே எடுக்கிற நிலைமை வரும். டேஷ்போர்டில் டீசலில் தண்ணீர் இருப்பதைக் காட்டும் விளக்கு எரிந்தால் முதலில் தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டரின் அடித் திருகைத் திறந்து வடியுங்கள்.

சங்ககிரி மாமா

இன்னொன்று, சொல்ல வெட்கம்தான். ஃபில்டரில் டீசல் பீய்ச்சுகிறது, நாஸில் பைப்பில் சொட்டு இல்லை. இரண்டு மணி நேரம் பம்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் இன்ஜினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் கேபிள் துரு பிடித்து, இழுத்த இடத்திலேயே நின்றிருக்கிறது.

நாமக்கல் டென் வீல்

மாமா, அதையும் இனிமேல் முதலிலேயே பார்த்துவிடுகிறேன். அந்த வெடித்த ஓஸை டூல் பாக்ஸில்தான் வைத்திருக்கிறேன். அடுத்த லோடு சேலம் வழியாகத்தான், பட்டறைக்காரரிடம் வளைத்துக் காட்ட வேண்டும்.