பொருள்: ‘கிரீன் ஸ்கிரீன்’ தமிழில் எப்படி? (வெள்ளிக்குள் வேண்டும்)

ந., திருச்சி:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தமிழ்வழியில் காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் முடிந்து காட்சி விளைவுகளில் வந்து மாட்டிக்கொண்டேன். நடிகரைப் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்திப் படம்பிடித்து, பிறகு கணினியில் பச்சையை மட்டும் எடுத்துவிட்டு மலையோ கடலோ வைக்கிறோமே, அந்தப் பகுதி. கிரீன் ஸ்கிரீனுக்குப் ‘பச்சைத்திரை’ என்று போட்டிருக்கிறேன். பச்சையை எடுக்கும் வேலைக்கு, அதாவது குரோமா கீயிங்குக்கு, சொல் இல்லை. நடிகர் வெள்ளையாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் வருகிற மேட், துணியின் பச்சை நடிகரின் கன்னத்தில் அடிக்கிற ஸ்பில், இவற்றுக்கும் இல்லை. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். கை கொடுங்கள்.

மு., தஞ்சாவூர்:

அன்புள்ள ந.,

பச்சைத்திரை பிழையன்று. ஆனால் பண்புப்பெயர் பசுமை அல்லவா? ‘ஈறு போதல்’ என்று தொடங்கும் நன்னூல் 136ஆம் நூற்பாவை மாணவர்களுக்கு நினைவூட்ட நல்ல வாய்ப்பு. மை கெட்டு இனம் மிகுந்தால் பசுந்திரை. அடி அகரம் ஐ ஆனால் பைந்திரை. பைந்தமிழ், பைங்கிளி என்று நாவில் தவழ்ந்த சொல்லமைப்பு இருக்க, பச்சைமிளகாய் போல் பச்சைத்திரை எதற்கு?

இரா., கோவை:

ஐயா, பைந்திரை என்றால் என் மகன் பைக்குள் இருக்கும் திரை என்பான். பசுந்திரை என்றால் பசுமாடு வந்து நிற்கும். தவிர, பழைய நூல்களில் திரை என்றால் அலை. பசுந்திரை என்று படித்ததும் எனக்குக் கடல்தான் தெரிகிறது, ஸ்டுடியோ தெரியவில்லை. பச்சை என்ன தாழ்ந்த சொல்லா? ‘பச்சை மாமலைபோல் மேனி’ என்று தொண்டரடிப்பொடியாழ்வாரே பாடியிருக்கிறார்.

ஜெ., சென்னை:

ஆழ்வார் பாடியது எங்களுக்குத்தான் தலைவலி. பக்திப் படத்தில் பெருமாளுக்குப் பச்சை பூசினால் பச்சைத் துணியோடு போய்விடுவார், நீலம் பூசினால் நீலத் துணியோடு போய்விடுவார்.

நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். படப்பிடிப்பில் யாரும் கிரீன் ஸ்கிரீன் என்றுகூடச் சொல்வதில்லை. ‘கிரீன் மேட்’தான். ‘மேட் கட்டியாச்சா?’ என்றால் துணி கட்டியாச்சா என்று அர்த்தம். பாடப்புத்தகத்து மேட் வேறு, ந. சொன்ன கறுப்பு வெள்ளைப் படம். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதல் வாரத்தில் ஒருத்தன் மேட் என்றால் பாய் என்றே நினைத்துக்கொண்டு, தரையில் விரிக்கிற பச்சைத் துணியை மட்டும் கொண்டுவந்து கொடுத்தான். ஆகவே பச்சைப்பாய் என்று மட்டும் யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

மு.:

பச்சைப்பாய்! பாய் என்பது ‘பரவுதல்’ பொருள் தரும் அடி. கப்பற்பாயும் உண்டு. யோசிக்கத் தக்கது, தம்பி.

ஜெ.:

ஐயா, வேண்டாம்.

சி., யாழ்ப்பாணம்:

வணக்கம். முதலில் ஒரு சிறு முறைப்பாடு. தலைப்பில் ‘கிரீன் ஸ்கிரீன்’ என்று இருக்கிறது. எங்களுக்கு அது ‘கிறீன் ஸ்கிறீன்’. இது பற்றி முன்பே மூன்று இழை ஓடிவிட்டதால் விடுகிறேன்.

நிறத்தை வைத்துப் பெயரிடுவதே பிழை என்பது என் எண்ணம். 1940இல் வெளிவந்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ படத்தில் சிறப்பு விளைவுக் கலைஞர் லாரி பட்லர் பயன்படுத்தியது நீலம். சிறப்பு விளைவுகளுக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. 1959இன் ‘பென்-ஹர்’ படத்துக்கு பீட்ரோ விளாகோஸ் முறையைச் சீர்செய்து கொடுத்தபோதும் நீலம்தான். 1964இன் ‘மேரி பாப்பின்ஸ்’ இன்னும் விசேஷம். அங்கே திரை வெள்ளை. அதன்மேல் சோடியம் ஆவி விளக்கின் மஞ்சள் ஒளி, 589 நானோமீட்டர் அளவில், விழுந்தது. கமராவுக்குள் இருந்த பட்டகம் அந்த ஒளியை மட்டும் பிரித்து இன்னொரு பிலிம் சுருளுக்கு அனுப்பியது. திரையும் பச்சை இல்லை, ஒளியும் பச்சை இல்லை, வேலை மட்டும் அதே வேலை. நாளைக்கு ‘நீலப் பச்சைத்திரை’ என்றா எழுதுவீர்கள்? செயலைச் சொல்லும் பெயராக ‘நீக்குதிரை’ என்று வையுங்கள்.

இரா.:

நீக்குதிரை... ‘நீ குதிரை’ என்று காதில் விழுகிறது.

ந.:

நண்பர்களே, சி. சொன்ன வரலாற்றைக் கையேட்டில் சேர்த்துக்கொள்கிறேன். மிக்க நன்றி. ஆனால் மாணவர் நேரில் பார்க்கப்போவது பெரும்பாலும் பச்சை. ஏன் பச்சை என்று ஜெ. இரண்டு வரி எழுதினால் உதவியாக இருக்கும். இணையத்தில் ‘மனிதத் தோலில் பச்சை இல்லை’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஜெ.:

தோலில் நீலமும் குறைவுதான், அதனால் அது பாதிப் பதில். மீதி கேமராவில் இருக்கிறது. ஒளியைப் பிடிக்கிற சென்சாரில் ஒவ்வொரு நான்கு புள்ளிக்கும் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்று வடிகட்டி போட்டிருப்பார்கள். கோடக்கில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. எச்டி வீடியோவில் ஒளிர்வைக் கணக்கிடும்போதும் பச்சைக்கு 72 சதவீதம் போல எடை. நீலத்துக்கு 7தான். ஆகவே பச்சையில் விவரம் அதிகம், இரைச்சல் (படத்தில் தெரிகிற புள்ளிப் புள்ளியான கலக்கம்) குறைவு, தலைமுடி ஓரம் சுத்தமாக வரும். குறைந்த விளக்கிலேயே துணி பளிச்சென்று இருக்கும், தயாரிப்பாளருக்கும் சந்தோஷம். ராத்திரிக் காட்சி என்றால் இன்றைக்கும் நீலம் கேட்போம். ஓரத்தில் கொஞ்சம் நீலம் அடித்தாலும் நிலா வெளிச்சம் என்று தப்பித்துவிடலாம்.

எந்தத் துணியும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு. ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கு மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை கட்டி வந்தார்கள். பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். அந்தப் பெண் நேராக நின்றால் புடவை நீலம், இடுப்பைத் திருப்பினால் மடிப்பெல்லாம் பச்சை. திரும்பும்போதெல்லாம் கொசுவத்தில் ஓட்டை விழுந்து பின்னாலிருக்கும் கோயில் கோபுரம் தெரிந்தது. மென்பொருளை எவ்வளவு திருகினாலும், புடவை நிற்கும்படி வைத்தால் துணி போகாது, துணி போகும்படி வைத்தால் புடவை நிற்காது. கடைசியில் ஒவ்வொரு பிரேமிலும் கையால் ஓரம் வரைந்தோம். ஒரு நொடிக்கு 24 பிரேம் என்பதை மாணவர்களுக்கு எழுதுங்கள், சார். உடையை முன்கூட்டியே பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்று தானாகப் புரியும்.

மு.:

அருமையான செய்தி. சி. கேட்டபடி செயலைச் சொல்லும் பெயர் சிலப்பதிகாரத்திலேயே இருப்பதை யாரும் கவனிக்கவில்லையே! அரங்கேற்று காதையில்,

‘தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்தாங்கு
ஒருமுக எழினியும் பொருமுக எழினியும்
கரந்துவரல் எழினியும் புரிந்துடன் வகுத்து’

என்கிறார் இளங்கோ. எழினி என்றால் அரங்கத் திரைச்சீலை. கரந்துவரல் எழினியை மேற்கட்டுத் திரை என்பர் உரையாசிரியர். பெயரிலேயே கரத்தல், அதாவது மறைதல், இருக்கிறது. எனவே ‘கரவெழினி’. பச்சை, நீலம், மஞ்சள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். எழினி என்பது அதியமான் மரபில் வழங்கிய பெயரும்கூட. இவ்விரண்டு எழினிக்கும் உறவுண்டா என்பது தனியே ஆராயத் தக்கது. ‘எழு’ என்ற அடியிலிருந்து தொடங்கினால்...

*(இதற்குப் பிறகு நான்கு மடல்கள் அதியமானைப் பற்றியவை. இழையைத் தொகுக்கும்போது எடுத்துவிட்டேன். ந.)*

ஜெ.:

எழினி எனக்குப் புரியவில்லை, ஆனால் முதல் வரி புரிகிறது. தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைத்தார்கள், அப்படித்தானே? எங்கள் லைட்மேனிடம் தினமும் கத்துவது இதைத்தான். துணி முழுக்க ஒரே அளவு வெளிச்சம், சுருக்கம் இருக்கக்கூடாது, நடிகரின் நிழல் துணியில் விழக்கூடாது. துணிக்கு தனி விளக்கு, ஆளுக்கு தனி விளக்கு. ஆளைப் பத்தடியாவது முன்னால் நிறுத்தினால் நிழலும் விழாது, பச்சையும் அடிக்காது. அந்த வரியைக் கையேட்டில் போடுங்கள், சார்.

இரா.:

வரியைப் போடலாம், கரவெழினியைப் போடவேண்டாம். தேர்வில் ‘கரவெழினி என்றால் என்ன?’ என்று கேட்டால், அதற்குப் பதில் ‘கிரீன் மேட்’ என்றுதான் எழுதுவார்கள். அப்படியொரு சொல் எதற்கு? நாம் சொல் உண்டாக்குவது ஆங்கிலம் தெரிந்தவர் மெச்சுவதற்கா, தெரியாத பிள்ளைக்கு விளங்குவதற்கா?

மு.:

விளங்காது என்று நாமே தீர்ப்பளித்துவிட்டால் எந்தச் சொல்தான் விளங்கும், அம்மா? பேருந்து என்ற சொல்லுக்கும் சிரித்தார்கள்.

இரா.:

பேருந்து அரசு வண்டியில் எழுதி ஊரெல்லாம் ஓடியது, ஐயா. கரவெழினி ஒரு கையேட்டின் மூலையில் கிடக்கும்.

சரி, கீயிங்குக்கு வருவோமா? ‘நிறச்சாவி’ என்று ஒரு சொற்பட்டியலில் பார்த்தேன். சாவி எங்கே வந்தது என்று தெரியவில்லை. ‘நிறநீக்கம்’ எளிது, ஆனால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவது என்று நினைத்துவிடலாம். நான் ‘நிறக்களைவு’ என்பேன். களையெடுப்பது போல ஒரு நிறத்தை மட்டும் பார்த்துப் பிடுங்குவது.

சி.:

நிறக்களைவு நன்று. ‘வண்ணக்களைவு’ என்று யாரும் மாற்றாமல் இருந்தால் சரி.

மு.:

களைவு ஏற்புடையது. மேட்டுக்கு ‘மறைப்புரு’ எனலாம். ஆனால் ஸ்பில்லுக்கு நான் சொல்வதை அருள்கூர்ந்து முழுவதும் படியுங்கள்.

பச்சை, பசுமை, பாசி, பசலை எல்லாம் ஓரடிச் சொற்கள். குறுந்தொகை 399இல் பரணர் பாடுகிறார்:

‘ஊருண் கேணி உண்துறைத் தொக்க
பாசி அற்றே பசலை காதலர்
தொடுவுழித் தொடுவுழி நீங்கி
விடுவுழி விடுவுழிப் பரத்த லானே.’

காதலன் தொட்ட இடத்தில் விலகி, விட்ட இடத்தில் பரவுகிறது பசலை, குடிநீர்க் கேணியின் பாசியைப் போல. மேனியில் வந்து படியும் பச்சைச் சாயலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? ஸ்பில் என்பது பசப்பு. அதைப் போக்குவது பசப்புநீக்கம்.

ஜெ.:

ஐயா, மென்பொருள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு புள்ளியில் சிவப்பையும் நீலத்தையும் விடப் பச்சை மீறி இருக்கிறதா என்று பார்த்து, மீறின அளவை வெட்டும். தொட்ட இடத்தில் போகும். விட்ட இடத்தில், பெரும்பாலும் காது மடலிலும் மூக்குக் கண்ணாடி ஓரத்திலும், அப்படியே இருக்கும். ரொம்ப வெட்டினால் முகம் செத்த மாதிரி ஆகிவிடும். என் ஓட்டு பசப்புக்கு.

இரா.:

பாட்டு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்குப் பசப்பு என்றால் ஏமாற்றுப் பேச்சு. ‘பசப்பாதே’ என்பார்கள். பச்சைக்கசிவு போதும். பசலையை ஓரக்குறிப்பாகக் கொடுக்கலாம்.

சி.:

நீலத்திரையில் வருவதும் பசப்புத்தானா? என் பழைய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

ந.:

நண்பர்களே, வியாழன் இரவு ஆகிவிட்டது. எழுதியவர்களில் பெரும்பாலோர் களைத்துப்போய் ஒத்துக்கொண்டதை வைத்து முடிக்கிறேன். பச்சைத்திரை, நீலத்திரை என்று நிறத்தோடு வரும். பொதுவாகச் சொல்ல நேர்ந்தால் நிறத்திரை. கீயிங் நிறக்களைவு. மேட் மறைப்புரு. ‘படப்பிடிப்பில் மேட் என்பது துணியையே குறிக்கும்’ என்று அடிக்குறிப்பு இடுகிறேன். ஸ்பில்லுக்கு நிறக்கசிவு. சிலம்பு வரிகள் விளக்கமைப்புப் பக்கத்திலும், பரணர் பாட்டு கசிவுப் பக்கத்திலும் பெட்டிச் செய்தியாக வரும்.

மு.:

பெட்டியிலாவது இடம் கிடைத்ததே. பெட்டிக்குள் ‘பசப்பு என்றும் வழங்கலாம்’ என்று ஒரு தொடர் சேர்த்தால் என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். கரவெழினியை மட்டும் விடுவதாக இல்லை. தனிமடலில் கட்டுரையாக அனுப்புகிறேன்.

சி.:

நிறத்திரை ஏற்கப்பட்டதற்கு நன்றி. ஆனால் சோடியம் முறையில் திரை வெள்ளை என்பதை மீண்டும் பதிவு செய்கிறேன்.

ஜெ.:

சார், இப்போது எல்இடி சுவர் வந்துவிட்டது. 2019இல் ‘தி மாண்டலோரியன்’ தொடருக்கு நடிகருக்குப் பின்னாலேயே பெரிய திரையில் பின்னணியை ஓடவிட்டுப் படம்பிடித்தார்கள். களைவும் இல்லை, கசிவும் இல்லை. கையேட்டில் அதற்குப் பக்கம் உண்டா? இருந்தால் அதை என்னவென்று எழுதியிருக்கிறீர்கள்?

ந.:

உண்டு. ‘எல்இடி சுவர்’ என்றே எழுதிவிட்டேன். தயவுசெய்து யாரும் புது இழை தொடங்கவேண்டாம்.

மு.:

ஒளிமதில்?